செய்மதியும் சூறாவளியும்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியையும் அழித்தது. 1960இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய தைரோஸ் 1 என்னும் முதல் வானிலைச் செய்மதி, பகலொளியில் முகில்களைப் படம்பிடித்தது. ஆயின், புயலுக்கு ஊட்டமளிக்கும் நீராவியோ கண்ணுக்குப் புலனாகாதது. இரவும் அதன் பார்வையை மறைத்தது.

இக்குறைகளை நீக்கியது செங்கீழ்க் கதிர். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்ட இன்சாற் வரிசைச் செய்மதிகள், நீராவி உறிஞ்சும் 7 மைக்கிரோமீற்றரை அண்டிய கதிரை இரவிலும் பகலிலும் அளக்கின்றன. மேல்வளியில் ஈரம் மிகுந்திருப்பின், கீழிருந்து எழும் கதிர் தடைப்படும். குளிர்ந்த உயரத்துக் கதிர் மட்டுமே செய்மதியை எட்டும். அவ்விடம் படத்தில் வெண்மையாகும். மேல்வளி வறண்டிருப்பின், கீழுள்ள வெப்பமான படைகளின் கதிர் எட்டும், அவ்விடம் கருமையாகும். இக்கருமை புயலினுள் நுழையின் புயல் தளரக்கூடும்.

2020 டிசெம்பர் 2ஆம் நாளிரவு ‘புரெவி’ திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தது. அதன் வருகை முன்னரே அறியப்பட்டமையால், கரையோர மக்கள் பலர் பாதுகாப்பான இடங்களை அடைந்தனர்.

பாலையூற்று வானில் முகில் திரளுமுன்னரே புயலைக் காட்டும் செய்மதி, அதனைத் தடுப்பதன்று, ஒதுங்கக் காலந்தருவது. அக்காலத்தை வீணாக்காமை நம் கடன்.