பழைய ஜிப்ஸி வாங்கலாமா?

நம் சங்கத்து இளைஞர்கள் பலருக்கும் இப்போது ஓர் ஆசை. பழைய நாலு சக்கர இழுவை வண்டி ஒன்றை வாங்கி, பிரித்து மாட்டி, புதுசு போல் ஆக்கி ஓட்ட வேண்டும். பெற்றோருக்கோ, "இந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது வண்டியே வாங்கலாமே" என்ற கவலை. பட்டறைகளில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நாலு சக்கரமும் இழுக்கும் குடும்பக் கார் என்பது வெளிநாடுகளில் வெகு காலமாக உண்டு. ஜப்பானில் சுபாரு 1972லேயே செய்தது. ஜெர்மனியில் ஆடி குவாட்ரோ 1980ல் வந்தது. நம் நாட்டில் அந்த வகை மிக அபூர்வம். சுபாரு ஃபாரஸ்டர் காரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே முத்திரை குத்தி இங்கே சில ஆண்டுகள் விற்றது. சுபாருவைச் செய்துவந்த ஃபூஜி நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை அது 2005ல் விற்றுவிட்டது. 2017ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே ஃபாரஸ்டர் இன்று தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அருமையான வண்டிதான்; ஆனால் ஒரு பேரிங்குக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாரானவருக்கு மட்டுமே அது பொருந்தும். தீவில் இருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

மிச்சம் இருப்பவை மகிந்திரா ஜீப், டாடா சியரா, ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்கா, நம் எல்லோருக்கும் பழகிய மாருதி ஜிப்ஸி. சியராவிலும் ஜீப்பிலும் ஒரு எச்சரிக்கை: எல்லாமே நாலு சக்கர இழுவை அல்ல. குனிந்து முன் அச்சைப் பாருங்கள். பின் அச்சில் இருப்பது போல் முன்னாலும் உருண்டையான டிஃபரன்ஷியல் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஜீப்.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. முதலில் 970 சி.சி. எஞ்சின், அதே எஞ்சின்தான் மாருதி 1000 காரிலும். 1996ல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1298 சி.சி. எஞ்சின், இது எஸ்டீம் காரின் குடும்பம். எனவே எஞ்சின் சாமான் சென்னைப் புதுப்பேட்டையில் இன்றும் கிடைக்கும். பொதுமக்களுக்கு ஜிப்ஸி விற்பது 2019ல் நின்றது. சந்தையில் இருப்பது குறைந்துகொண்டே வரும், விலை ஏறும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த வண்டிகள் நாலு சக்கரத்தையும் எப்போதும் இழுப்பவை அல்ல. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும். சின்ன லீவரைத் தள்ளினால், கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை டிரான்ஸ்பர் கேஸ் முன் அச்சுக்கும் அனுப்பும். அப்போது முன் ஷாப்ட்டும் பின் ஷாப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் போகவேண்டும் அல்லவா? சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்காது. ஷாப்ட்டும் பல்சக்கரமும் முறுக்கேறிக் கடைசியில் உடையும். "கெத்தாக இருக்கிறது" என்று அபர்தீன் பஜாரில் நாலு சக்கரமும் போட்டு ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஃபாரஸ்டர் போன்ற வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் நடுவில் இன்னொரு ஏற்பாடு அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கவேண்டும் என்பது அதன் செலவு.

இனி முக்கியமான விஷயம், துரு. எஞ்சினைக் கேட்டு, பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்குவது சென்னைக்குச் சரி. இங்கே வாங்கவேண்டியது சேசிஸ்.

காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்தால், மழை இல்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்ந்தது போல் தெரியும், உலராது. அதிலுள்ள குளோரைடு இரும்பின் மேல் காப்பாக இருக்கும் மெல்லிய படலத்தைத் துளைக்கும். சேசிஸ் உள்ளே கூடானது. கீழே தண்ணீர் வடியும் துளைகளை மண் அடைத்தால் உப்பும் சேறும் உள்ளேயே தங்கிவிடும். வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும்; உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். புதிதாகக் கறுப்பு அடித்த சேசிஸைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஒரு சின்னச் சுத்தியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். கமான் பட்டை மாட்டும் இடம், பாடியைச் சேசிஸில் போல்ட் போட்ட இடங்கள், பின் சக்கரத்துக்கு மேல் வளைவு, மிதியடிக்குக் கீழ் தரை ஆகியவற்றை மெல்லத் தட்டுங்கள். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் இல்லை. தரைத் தகடு போயிருந்தால் டிங்கரிங் கடையில் புதுத் தகடு வைக்கலாம். கமான் பட்டை மாட்டும் இடம் போயிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2004 சுனாமிக்கு முந்திய வண்டியானால் அப்போது எங்கே நின்றது என்று கேட்பதும் நல்லது.

பேப்பர் விஷயம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022ல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். முன்பு அரசு இலாகாக்கள் கண்டம் செய்து ஏலம் விடும் ஜீப்புகள்தான் நம் ஆட்களுக்கு மலிவான வழி. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைக்கத்தான் போகின்றன. ஆகவே "ஆபீஸ் வண்டி, மலிவு" என்று யாராவது சொன்னால், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஜிப்ஸியில் டீசல் எஞ்சின் மாட்டும் யோசனையும் வேண்டாம். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

வேலை தொடங்கினால் வரிசை முக்கியம். முதலில் சேசிஸ், பிறகு பிரேக், ஸ்டீயரிங், அதன்பின் எஞ்சின். பெயிண்ட் கடைசி. பெரும்பாலானோர் பெயிண்டில் தொடங்கி, பணம் தீர்ந்ததும் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். தார்ப்பாய்க்குள் ஈரம் தங்கி மிச்சத்தையும் தின்கிறது. சாமான்களை ஒவ்வொன்றாக வரவழைக்காமல், பட்டியல் போட்டு மொத்தமாகச் சென்னையில் வாங்கிக் கப்பலில் ஏற்றினால் கூலி மிச்சம். சேசிஸின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கவேண்டும். கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். கோடையில் தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில் இது வீட்டில் சண்டை மூட்டும். கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டால் அதற்குப் போதும்.