கடையை எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள்?

வணிகப் பெருமக்கள் யாரிடமும் கடையை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். ஐந்தரை, ஆறு, ஒன்பது என்று ஏதாவது ஒரு மணியைச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அது வியாபாரத்தைப் பொறுத்து" என்பார்கள். நாமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதிலைத்தான் சொல்லிக் கொண்டிருந்தோம்.

பள்ளி இறுதி வகுப்பை முடித்த கையோடு 1976-இல், மதுரை கீழமாசி வீதியில் தந்தையார் நடத்தி வந்த மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தோம். தந்தையார் வியாபாரத்தில் வெகு கண்டிப்பு. ஆனால் பகல் சாப்பாடு முடிந்ததும் அரிசி மூட்டை மேல் துண்டை விரித்து முக்கால் மணி நேரம் தூங்கிவிடுவார். எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்தாலும் எழுப்பக் கூடாது. அவருடைய நிம்மதி குணத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று இன்றும் நமக்குச் சந்தேகம் உண்டு. வெளியூர் விலை தெரிய வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். இல்லையேல் தபால் கார்டு. விருதுநகர் மார்க்கெட் விலை மறுநாள் நாளிதழில்தான். பதற வேண்டும் என்று நினைத்தாலும் பதறுவதற்குச் செய்தி வேண்டுமே! பிறகு எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு விலை வருகிறது. வியாபாரம் படுக்கை வரை வந்துவிட்டது.

2010-இல் மஞ்சள் விலை ஏறியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. இன்னும் ஏறும் என்று நாமும் வாங்கி அடுக்கினோம். ஆசைதான், வேறென்ன! 2011-இல் இறங்கத் தொடங்கியது. 2012-இல் 5,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. இடையில் இருந்த மாதங்களில் நாம் தூங்கியது குறைவு, போனில் பேசியது அதிகம்.

அந்த 2011 ஆவணியில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தோம். எங்கள் வீட்டம்மா, "என்னங்க, கண்ணுக்கு முன்னால கறுப்பா நூல் நூலா மிதக்குது. ரெண்டு நாளா இருக்கு" என்றார். அந்த நேரம் பார்த்து ஈரோட்டுத் தரகரின் போன். ஒரு கையால் போனைப் பிடித்தபடி, "கண்ணாடி மாத்தணும் போல. தீபாவளி முடியட்டும்மா, போகலாம்" என்றோம். அவரும் சரி என்று சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினார்.

அவருக்குச் சர்க்கரை வந்து அப்போது பதினான்கு ஆண்டுகள். மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. சர்க்கரை கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையைக் கெடுக்கும், வலி இருக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது, அதனால் பார்வை நன்றாக இருக்கும்போதே வருடம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள நேரம் ஒதுக்கவில்லை என்று சொல்வதே சரி. தீபாவளி முடிந்ததும் வெளிபாக்கி வசூல். வசூல் முடிவதற்குள் பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் வந்து இறங்கிவிட்டன. தை பிறந்த பிறகு ஒரு நாள் காலை, காபித் தம்ளரை எடுக்கக் கையை நீட்டியவர் அரைச் சாண் தள்ளி வெறும் மேஜையைத் தடவினார். அன்றைக்குத்தான் நாம் கடைக்குப் போகவில்லை.

டாக்டர் கோபிக்கவில்லை. "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். "ஆவணியிலேருந்து" என்று வீட்டம்மாதான் சொன்னார். விழித்திரையில் புதிதாக முளைத்த மெல்லிய இரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்ததுதான் அந்தக் கறுப்பு நூல்கள் என்று டாக்டர் விளக்கினார். லேசர் சிகிச்சை இருக்கிற பார்வையைக் காக்குமே தவிர, போனதைத் திருப்பித் தராது என்றார். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் இன்று வரை வெளிச்சம், நிழல் அவ்வளவுதான். இதைப் பற்றி அவர் நம்மை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரம். அரைநாள் வேலை. ஐந்து மாதம் இரவு பகலாகப் பேசியும் மஞ்சள் விலையை நாம் ஒரு பைசா தாங்கிப் பிடித்துவிடவில்லை. மஞ்சளில் போன பணம் அடுத்த இரண்டு வருடத்தில் உளுந்திலும் துவரையிலும் வந்துவிட்டது.

அன்றோடு திருந்திவிட்டோம் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. இரவு எட்டரைக்குக் கடை அடைப்பது என்று சபதம் செய்தோம். மூன்றாவது வாரமே ஒரு லாரி தாமதமாக வந்தது, பழைய கதை திரும்பிவிட்டது. வழி சொன்னவர் எங்கள் கணக்குப்பிள்ளை. "முதலாளி, சிட்டையிலே எழுதினதை நீங்க ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இதையும் அதிலேயே எழுதிடுவோமே" என்றார். யோசித்துப் பார்த்தால் நம் எல்லோர் இயல்பும் அதுதான். பதினைந்தாம் தேதி பணம் தருவதாகச் சொல்லிவிட்டால் கைமாற்று வாங்கியாவது கொடுத்துவிடுவோம். வீட்டுக்குக் கொடுத்த தேதி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அன்று முதல் கண் பரிசோதனை, குலதெய்வம் கோயில், பேரனின் பள்ளி விழா எல்லாம் லாரி வரவோடும் ஜி.எஸ்.டி. கெடுவோடும் அதே சிட்டையில் ஏறுகின்றன. மகன் முதலில் சிரித்தான். இப்போது அவனும் அதில் எழுதுகிறான்.

கொள்முதலிலும் ஒரு மாற்றம். பெரிய அளவில் சரக்கு வாங்கினால் பட்டியலின் மூலையில், எவ்வளவு நஷ்டம் வரை தாங்குவோம் என்பதைப் பென்சிலால் எழுதி வைக்கிறோம். விலை அங்கே வந்தால் தள்ளிவிட வேண்டியது. வராத வரை போனை நோண்ட வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மட்டும் விலை கேட்கிறோம். இரவு பதினொரு மணிக்கு விலை தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? அந்நேரத்தில் சரக்கை வாங்குபவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்பக்கம் சரக்குப் போடும் பழக்கத்தையும் நிறுத்தினோம். வியாபாரம் குறையவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு மூன்று சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடம் மாறினார்கள். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர்கள் வரவில்லை. அந்தக் குறைவு நம் கணக்கில் இன்றும் தெரிகிறது. அதைத் தெரிந்தேதான் ஏற்றுக் கொண்டோம்.

1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் வாரம் ஒரு நாள் விடுமுறை என்று எழுதியதை நாம் இன்ஸ்பெக்டருக்குப் பயந்து படித்தோமே ஒழிய, நமக்காகப் படித்ததில்லை. 2019-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் எந்நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதி தந்தபோதும், வேலையாள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. முதலாளி என்ற ஆளுக்கு எவரும் நிபந்தனை எழுதவில்லை. (நம் சங்கக் கூட்டங்களே இரவு பதினொரு மணிக்குத்தான் முடிகின்றன. நிர்வாகிகள் கோபித்துக் கொள்ளக் கூடாது!)

இதையெல்லாம் புறநகர்க் காலனி ஒன்றில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் சொன்னோம். விடிகாலை ஐந்தரைக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு அடைப்பவர். "உங்களுக்கென்ன அண்ணாச்சி, மொத்த வியாபாரம். எங்க பக்கம் வேலைக்குப் போனவங்க வீடு திரும்பவே ஒன்பது மணி ஆகுது. போன்ல சொன்னா பத்து நிமிஷத்துல கொண்டு வர்றவன் வேற வந்துட்டான். நான் அடைச்சா அவனுக்குத்தான் லாபம்" என்றார். நியாயமான பேச்சு. 2020 ஊரடங்கில் ஏப்ரல் மாதம் மளிகைக் கடைகள் காலை 6 முதல் பகல் 1 மணி வரைதான் என்றபோது, ஏழு மணி நேரத்துக்குள் ஊர் முழுவதும் வாங்கித்தானே ஆயிற்று என்று சொல்லிப் பார்த்தோம். "அப்போ எல்லா கடையும் அடைச்சிருந்துச்சு அண்ணாச்சி" என்று மடக்கிவிட்டார். அதுவும் சரிதான்.

ஒன்று மட்டும் கேட்டோம். ஒரே ஒரு வாரம், மணிக்கு மணி எவ்வளவு விற்றது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார்க்கச் சொன்னோம். வேண்டாவெறுப்பாகத்தான் குறித்தார். அவர் நினைத்தது போலவே ஒன்பது முதல் பத்து வரை நல்ல போணி. பத்துக்கு மேல் வந்ததில் பாதிக்குமேல் கடன் சிட்டைக்காரர்கள். பகல் ஒன்றரையிலிருந்து நாலரை வரை மூன்று மணி நேரத்தில் ஒரு நாளும் எழுநூறு ரூபாயைத் தொடவில்லை. அந்த எழுநூறுக்கு ஒரு மின்விசிறி, ஒரு பையன், ஒரு முதலாளி! இப்போது பகலில் மூன்று மணி நேரம் கடையை மூடுகிறார். வாசலில் நேரம் எழுதிய அட்டை தொங்குகிறது. இரவு பத்துக்கு அடைக்கிறார். சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். முதல் நாள் எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் மேல்வகுப்பு வாசலில் நின்றுவிட்டாராம். மகள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இன்று, நாளைய பக்கம் சிட்டையில் திறந்திருக்கிறது. துவரம் பருப்பு நாற்பது மூட்டை, லாரி வாடகை பாக்கி, இரண்டுக்கும் நடுவில் 'கண் – காலை 10 மணி' என்று கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. எண்ணெய் மில்காரர் அதே நேரத்துக்கு வருவதாகப் போன் செய்தார். மறுநாள் வரச் சொல்லியிருக்கிறோம்.