விழுந்தவருக்கு வேலை காட்டும் உத்தியோகம்

பனை ஏறுகிறவர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பு முறிகிறது. உயிர் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்தது. சக்கர நாற்காலியும் வாங்கியாகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பிறகு?

மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தெரியாத கேள்வி அல்ல. பனை, தென்னை, ரப்பர் என்று இங்கே பலருக்குப் பிழைப்பே மரத்தோடுதான்!

அந்தப் "பிறகு?" என்ற கேள்விக்குப் பதில் தேடுவதையே உத்தியோகமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழில் மறுவாழ்வு ஆலோசகர் என்று அவர்களுக்குப் பெயர். பிளஸ் டூ முடித்த பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று யோசிக்கும் பெற்றோர் பலர், இந்த வேலையைப்பற்றிக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள்.

பிச்சைக்கு உதவாத கை

இந்த வேலை ஏன் தேவை என்பதற்கு வேலூரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். உலகமே வியந்தது. ஆனால் குணமாகிப் போன நோயாளி ஒருவர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார். மடங்கிய கையை நீட்டியபோது காசு விழுந்ததாம். நிமிர்ந்த கைக்கு யாரும் காசு போடவில்லை. பழைய நோயாளி என்று வேலையும் தரவில்லை!

டாக்டர் யோசித்தார். நவஜீவ நிலையம் பிறந்தது. அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்யும் வேலையும் கற்றுக்கொடுத்தார்கள்.

நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன்

அதே ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர். 1954-ம் ஆண்டு ஒரு மோட்டார் விபத்து. அவருடைய கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின.

இனி டாக்டர் வேலை ஏது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார் பிராண்ட். மேரி வர்கீஸ் செய்தார்! பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கிடம் பயிற்சி பெற்றார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மார்த்தாண்டத்துத் தேன்

மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு நிலையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஏழை தன் முயற்சியால்தான் முன்னேறவேண்டும். ஆனால் விவரம் தெரிந்தவர் பக்கத்திலே நின்று யோசனை சொல்லவேண்டும். இதுதான் அவருடைய வழி. இன்றைய ஆலோசகரின் வழியும் அதுவே.

முதலில் சொன்ன பனையேறியிடம் ஆலோசகர் வருகிறார். "அண்ணே, உங்களால் என்ன முடியாது?" என்று கேட்பதில்லை. "என்ன முடியும்?" என்று கேட்கிறார். தேனீ வளர்க்க ஆசை என்கிறார் அண்ணன்.

உடனே "சரி" என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பெட்டியைத் திறந்து அடையைப் பார்ப்பது, தேன் எடுக்கும் மிஷினைக் கையால் சுற்றுவது, வடிகட்டிப் புட்டியில் அடைப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் ரப்பர் துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பில் தேன் ஊறும். அப்போது பெட்டிகளைத் தோட்டத்துக்குச் சுமக்கவேண்டும். அதற்குத் தம்பியோ மைத்துனரோ வருவாரா?

உணர்ச்சியில்லாத காலில் தேனீ கொட்டினால் தெரியாது. ஒரே இருப்பாக இருந்தால் புண் வரும்; அதுவும் தெரியாது. ஆகவே அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும். வேலைக்கு நேரம் குறிக்கும்போது இதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். சர்க்கார் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுப்பதைவிட இதுதான் கஷ்டமான வேலை என்பேன்.

தேனீ ஒத்துவராவிட்டால் வேறு தொழில் பார்க்கவேண்டியதுதான். எல்லோருக்கும் தையல் மிஷினைக் கொடுத்து அனுப்பிவிடுவது ஆலோசனை ஆகாது!

என்ன படிப்பது?

பிளஸ் டூவுக்குப் பின் உளவியல் அல்லது சமூகப்பணி படிக்கலாம். பிறகு மறுவாழ்வுப் பயிற்சி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய சர்க்காரின் நிறுவனம் இருக்கிறது. அங்கே மறுவாழ்வுத் துறைப் படிப்புகள் உண்டு. 1992-ம் ஆண்டுச் சட்டம் தொழில் ஆலோசகரையும் மறுவாழ்வுத் துறையினரில் ஒருவராகச் சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். சேருமுன் அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை எங்கே? ஆஸ்பத்திரிகளில் உண்டு. தொண்டு நிறுவனங்களிலும் உண்டு. ஆனால் அங்கே ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது. கிண்டியிலும் திருவனந்தபுரத்திலும் மத்திய தொழிலாளர் துறையின் மாற்றுத்திறனாளிகள் தொழில் மையங்கள் உள்ளன. குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரமே பக்கம்.

2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களைக் கணக்கில் எடுத்திருக்கிறது. சர்க்கார் வேலையில் 100-க்கு 4 இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? ஆபீஸ் வாசலில் நான்கு படி இருந்தால் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? கக்கூஸ் கதவு குறுகலாக இருந்தால்? வேலைக்கு ஆளை அனுப்புமுன் ஆலோசகர் நேரில் போய் அளந்து பார்க்கவேண்டும். அவர் பையில் அளவு நாடா ஒன்று எப்போதும் இருக்கும்.