லிச்சித் தோட்டத்துக்கு வரும் பெரிய கிளிகள்

டேராடூன் பள்ளத்தாக்கு லிச்சிப் பழத்துக்கும் பாசுமதி அரிசிக்கும் பேர் போனது. டில்லியிலிருந்து ரயிலில் ஓர் இரவுப் பயணம். அங்கே கிராமப்புறத் தோட்டம் ஒன்றில், மே மாதக் கடைசியில் பழம் சிவக்கத் தொடங்கியதும், தினமும் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள்.

அவர்கள் வேறு யாருமல்ல; பெரிய பச்சைக்கிளிகள்.

நம் ஊர்க் கிளியைப் போலவே பச்சை உடம்பு, சிவந்த மூக்கு. ஆனால் உருவம் பெரிது. வால் நுனி வரை அளந்தால் ஏறக்குறைய 2 அடி. இறக்கையின் தோளில் குங்குமம் அப்பியது போல் ஒரு சிவப்புத் திட்டு. அதுதான் அடையாளம். ஆங்கிலத்தில் மாவீரன் அலெக்சாந்தரின் பெயரைத் தாங்கிய கிளி இது.

ஒரு மரம் குத்தகையில் இல்லை

காய் மரத்தில் இருக்கும்போதே விளைச்சலைக் குத்தகைதாரரிடம் விற்றுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதன்பின் காவலாட்கள் பகலில் கிளிகளையும் இரவில் வௌவால்களையும் தகரம் தட்டி விரட்டுவார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. கிளி தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம்.

இந்தத் தோட்டத்தின் சொந்தக்காரரான முதியவர், வேலியோரத்து லிச்சி மரம் ஒன்றை மட்டும் குத்தகையில் சேர்ப்பதில்லை. அது கிளிகளின் பங்காம்! அந்த அளவுக்குப் பணம் குறைகிறது. வீட்டில் முணுமுணுப்பும் உண்டு.

காலையில் கிளிகள் கண்ணில் படுமுன் குரல் கேட்கும். கரகரத்த, கனத்த குரல். ஜோடி ஜோடியாக வந்து, முதலில் இலவ மரத்து உச்சியில் அமரும். சுற்றும் முற்றும் பார்த்த பிறகே லிச்சிக்கு இறங்கும். ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் பழத்தைப் பிடித்துத் தின்னும் அழகே தனி.

பொந்தில் வரும் ஆபத்து

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவு அபாயத்தை நெருங்கும் பறவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. காரணம் இரண்டு.

இந்தக் கிளி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. வயதான பெரிய மரத்தின் பொந்துதான் அதன் வீடு. 2000-ல் உத்தராகண்ட் தனி மாநிலமாகி, தலைநகர் டேராடூனில் அமைந்த பிறகு, தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. பழைய மரங்களும் சாய்ந்தன.

இரண்டாவது, குஞ்சு பிடிப்பவர்கள். 2 முதல் 4 முட்டை வரை இடும். குஞ்சு பறக்க ஏழு வாரம் போலாகும். அதற்குள் மரமேறிப் பொந்தில் கை விட்டு எடுத்துவிடுகிறார்கள். 'பஹாடி தோத்தா' என்று வட இந்தியச் சந்தைகளில் ரகசியமாக விலை போவது இந்தக் குஞ்சுகளே. ஒரு கூண்டு நிறைந்தால், ஒரு பொந்தில் அந்த வருஷத்து வம்சம் போயிற்று.

வாங்குவதும் குற்றமே

"வீட்டில் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஒன்றுதானே" என்று வாங்குவோர் நம்மவரிலும் உண்டு. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியத்துக்கும் விலக்கில்லை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பின், 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கிளி பார்க்க டேராடூன்தான் போக வேண்டும் என்பதில்லை. டில்லியிலேயே பழைய பூங்காக்களின் முதிர்ந்த மரங்களில் இவை இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, தோள் சிவப்பைக் காட்டுங்கள். பஸ் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடும்.