உங்களுக்குத் தெரியுமா? – மாநகராட்சிப் பணமும் தெருமுனைக் கலையும்

விடுதி வாடகையில் நாடகம்

சான் பிரான்சிஸ்கோவில் விடுதி எடுத்துத் தங்குகிறவர்கள் கட்டும் வரியில் ஒரு பங்கு அந்த ஊர் நாடகக் குழுக்களுக்கும் நடனக் குழுக்களுக்கும் தெருத் திருவிழாக்களுக்கும் போகிறது. 1961-இல் தொடங்கிய ஏற்பாடு இது. வெளியூர்க்காரர்கள் அந்த நகரத்தைத் தேடி வருவதற்கு அங்குள்ள கலையும் ஒரு காரணம். அப்படியானால் அவர்கள் தரும் வரியில் கலைஞருக்கும் உரிமை உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். காலப்போக்கில் அந்தப் பணம் பொது நிதியோடு கலந்து, கலைக்கு இவ்வளவு என்ற பிடிமானம் தளர்ந்தது. மீட்கும் முயற்சியாக 2016-இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆதரித்தும் தோற்றுப்போனது. இத்தகைய தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2018-இல் மறுபடி மக்களிடம் போனார்கள், வென்றார்கள். 14 விழுக்காடு விடுதி வரியில் 1.5 விழுக்காடு இப்போது கலை, பண்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் அடங்கிய குயாகோகா மாவட்டத்தில் 2006-இல் மக்கள் வாக்களித்து ஒரு வரியை ஏற்றுக்கொண்டார்கள். விற்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒன்றரை சென்ட், அதாவது இருபது சிகரெட் பெட்டிக்கு முப்பது சென்ட், உள்ளூர்க் கலைக்கு. அருங்காட்சியகம் முதல் பேட்டை இசைக்குழு வரை அதிலிருந்து மானியம் பெற்றன. பிறகு மக்கள் புகைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். உடல்நலத்துக்கு நல்ல சேதி. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கலை நிதி தேய்ந்துகொண்டே வந்தது. 2024 நவம்பரில் வரியை மூன்றரை சென்டாக உயர்த்த மக்கள் மறுபடி சம்மதித்தார்கள். வேர் வற்றிக்கொண்டிருக்கும் மரத்தில் இன்னும் கொஞ்ச நாள் காய் பறிக்கலாம், அவ்வளவுதான். கலைக்கு வரி ஒதுக்கும்போது வளரக்கூடிய வருவாயில் ஒதுக்க வேண்டும் என்பதை இந்த ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பத்து டாலருக்கு ஒரு காசு

டென்வர் வட்டாரத்தில் பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட் கலைக்கும் அறிவியல் கூடங்களுக்கும். மாநில அரசு உதவியைக் குறைத்தபின் 1988-இல் மக்களே வாக்களித்து ஏற்ற வரி. மிருகக்காட்சி சாலையும் பெரிய அருங்காட்சியகங்களும் ஒரு அடுக்கில். நூற்றுக்கணக்கான சின்னக் குழுக்கள் இன்னொரு அடுக்கில். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சின்னவர் இலைக்கு எதுவும் வந்து சேராது என்று தெரிந்து தனித்தனியே பிரித்திருக்கிறார்கள்.

தலைக்கட்டு வரி, போர்ட்லாந்திலும்

நம் ஊர்களில் திருவிழாவுக்கும் கூத்துக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள் அல்லவா? ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 2012-இல் ஏறக்குறைய அதையே சட்டமாக்கினார்கள். வருமானம் உள்ள ஒவ்வொரு பெரியவரும் ஆண்டுக்கு 35 டாலர். தொடக்கப் பள்ளிகளில் ஓவிய, இசை ஆசிரியர்களுக்கே அதில் முதல் பங்கு. மிச்சம் கலை அமைப்புகளுக்கு. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. “இது தலைவரி, அரசியலமைப்புக்கு விரோதம்” என்று வழக்குப் போட்டார்கள். வருமானத்தைப் பார்த்து விலக்குத் தருவதால் தலைவரி ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

விளம்பரப் பலகை தரும் பணம்

டொராண்டோவில் 2009-இல் பெரிய விளம்பரப் பலகைகளுக்கு நகர மன்றம் வரி போட்டது. பொது இடத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டவர்கள் அந்தப் பொது இடத்தின் அழகுக்குப் பணம் தரட்டும் என்று இளங்கலைஞர்கள் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியதன் விளைவு. விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் போயின, நகரம் வென்றது. 2013-இல் அந்த வருவாயைக் கலை மானியத்தை உயர்த்தப் பயன்படுத்த முடிவாயிற்று. பேனர் விழுந்து உயிர்போன சேதிகளைப் படித்திருக்கும் நாம் இந்த யோசனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று

கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு கலைக்கு என்ற விதியை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த நகரம் பிலடெல்பியா, 1959-இல். அதே நகரத்தில் 1984-இல் மேயர் வில்சன் கூட், சுவர்களில் கிறுக்குவதை ஒழிக்க ஒரு திட்டம் போட்டார். அதில் வேலைக்கு வந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், பிடிபட்ட பையன்களைத் துரத்தாமல் அவர்களிடம் பெரிய சுவரையும் வண்ணத்தையும் கொடுத்தார். தெருக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, உங்கள் சுவரில் என்ன வரைய வேண்டும் என்று கேட்டார். இன்றுவரை அந்த ஊரில் நாலாயிரத்துக்கும் அதிகமான சுவரோவியங்கள் உருவாகியிருக்கின்றன.

நாட்டைவிடப் பெரிய நகரம்

நியூயார்க் மாநகரின் பண்பாட்டுத் துறைக்கு அண்மை ஆண்டுகளில் ஒதுக்கப்படும் தொகை, அமெரிக்க நடுவண் அரசின் தேசியக் கலை நிதியம் நாடு முழுமைக்கும் பெறும் தொகையைவிட அதிகம்!

பதிவுச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் மானியம்

இத்தனை ஊர்களிலும் என் மனத்துக்கு நெருக்கமானது பிரேசிலின் சாவோ பாவ்லோ. எந்த ஊரிலும் மானிய விண்ணப்பம் கேட்கும் முதல் கேள்வி, “பதிவு பெற்ற அமைப்பா? தணிக்கை அறிக்கை இருக்கிறதா?” என்பதுதான். நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் தகரக் கூரையின் கீழ் ஒத்திகை பார்க்கும் பிள்ளைகளிடம் தணிக்கை அறிக்கைக்கு எங்கே போவது? கலை நிதி ஏழைகளைச் சேராமல் போவதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

2003-இல் அந்த மாநகராட்சி ‘வாய்’ (VAI) என்று சுருக்கமாக அழைக்கப்படும் மானியத் திட்டத்தைச் சட்டமாக்கியது. மன்றத்துக்குக் கொண்டுவந்தவர் நபில் பொந்துகி என்ற கட்டடக் கலைஞர், அப்போது நகர மன்ற உறுப்பினர். அமைப்பு வேண்டாம், பதிவு வேண்டாம். வருமானம் குறைந்த 18 முதல் 29 வயதுக்குட்பட்ட இளைஞர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் ஒலிபெருக்கி வாங்கவும், கையடக்கப் புத்தகம் அச்சிடவும், ஹிப்-ஹாப், கபோயிரா, வீதி நாடகம், குறும்படம் என்று தொடங்கவும் அது போதுமாயிருந்தது. புறநகர் மதுக்கடைகளில் மேசைகளை ஒதுக்கிவிட்டு நடந்த ‘சராவ்’ எனும் கவிதை இரவுகள் பெருகிய காலமும் அதுதான்.

அதோடு நிற்கவில்லை. ஒரு முறை மானியம் வாங்கி நிலைத்துவிட்ட குழுக்கள் அடுத்து எங்கே போவது என்ற கேள்வி எழுந்ததும், 2013-இல் அவர்களுக்கென இரண்டாம் படி சேர்க்கப்பட்டது. 2016-இல் வந்த இன்னொரு சட்டத்தின் வரைவைப் புறநகர்க் கலைக் குழுக்கள்தாமே எழுதின. அதன்படி நகரம் வருமான அளவை வைத்து மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பணத்தின் பெரும் பங்கு ஏழைகள் மிகுந்த பகுதிக்கு. திறமை பார்த்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே நகரத்தின் நடுப்பகுதிக்கு எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஒரு விதி உடைத்தது.

நடுவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அதே சாவோ பாவ்லோவின் 2002-ஆம் ஆண்டு நாடக ஊக்குவிப்புச் சட்டத்தில் தேர்வுக் குழுவில் ஏழு பேர். நால்வரை மாநகராட்சி நியமிக்கும். மற்ற மூவரை விண்ணப்பிக்கும் நாடகக் குழுக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும்.

மேயருக்குப் பிடிக்காத ஓவியம்

1999-இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் வைத்த ஒரு கண்காட்சி நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானிக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ் ஒஃபிலி வரைந்த கன்னி மேரி ஓவியம் சமயத்தை இழிவு செய்கிறது என்றார். நகரம் தரும் மானியத்தை நிறுத்துவேன், கட்டடத்தை விட்டே வெளியேற்றுவேன் என்று முனைந்தார். கருத்துக்காக மானியத்தைத் தண்டனைக் கோலாக்கக்கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. பல நகரங்கள் கலை நிதியை அரசியல்வாதிகளின் கையில் விடாமல், கலைஞர்கள் அடங்கிய தனி மன்றத்திடம் ஒப்படைப்பதற்குக் காரணம் இத்தகைய நிகழ்ச்சிகள்தாம். டொராண்டோ கலை மன்றம் 1974 முதல் அப்படித்தான் இயங்குகிறது.

கஜானா காலியானால் முதல் வெட்டு

இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சிகள் பவுண்டுக்கு ஆறு பென்ஸ் அளவு வரிப் பணத்தைக் கலை, கேளிக்கைக்குச் செலவிடலாம் என்று அனுமதித்தது. அனுமதிதான், கட்டாயமில்லை. அந்த வித்தியாசத்தின் விலையைப் பர்மிங்காம் காட்டியது. 1920-இல் மாநகராட்சி ஆதரவோடு தொடங்கிய புகழ்பெற்ற இசைக்குழு அங்கே இருக்கிறது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி திவாலான நிலையை அறிவித்தது. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த இசைக்குழு உள்ளிட்ட கலை அமைப்புகளின் மானியத்தை முதலில் பாதியாக்கி, பிறகு அடியோடு நிறுத்த முடிவு செய்தார்கள். நூலகம் நடத்துவது அங்கே சட்டக் கடமை. கலை விருப்பச் செலவு. நெருக்கடி வந்தால் எது முதலில் போகும் என்று சொல்லவும் வேண்டுமா!

நம் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இந்திய அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையைப் பலர் புரட்டியதில்லை. 74-ஆம் திருத்தத்தின் வழியாக 1993 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியலில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பொறுப்புகள் உள்ளன. குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு எல்லாம் உண்டு. 13-ஆவது இடத்தில் இருப்பது பண்பாடு, கல்வி, அழகியல் மேம்பாடு. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையிலும் 21-ஆவதாகப் பண்பாட்டுச் செயல்பாடுகள் இடம்பெற்றிருக்கின்றன. குழாயும் விளக்கும் இருக்கும் அதே பட்டியலில் பறையும் கூத்தும் இருக்கின்றன என்றே நான் அதைப் படிக்கிறேன்.

வரி வசூலிக்கும் முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் தெரு நூலகத்தின் அலமாரியில் இருக்கும் புத்தகம் நாம் கட்டிய வரியில் வந்தது. புத்தகத்துக்கு முடிந்தது நாட்டுப்புறக் கலைஞருக்கும் முடியும்.

அடுத்த கிராம சபைக்கோ நகரத்தின் பகுதி சபைக்கோ போகிறவர்கள் சாக்கடைப் பிரச்சினையைச் சொன்ன பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: நம் வார்டுப் பிள்ளைகள் ஆடிப் பாட இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.