லாங் ஐலண்ட் பிள்ளைகளுக்குக் கோடிங்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கிறது. இனி பள்ளியில் கோடிங் சொல்லித் தருவார்கள், இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் பாடமாக வைப்பார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எரட்டா ஜெட்டியில் படகேறி வருகிற, அந்தமானின் இந்தச் சின்னத் தீவுக்கு இதெல்லாம் இப்போதே எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான்.

எதற்கு என்றால், இணையம் ஏற்கெனவே வந்துவிட்டது. முன்பு அந்தமானின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. வேகம் குறைவு, செலவு அதிகம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரோடு மேலும் ஏழு இடங்களை அது இணைக்கிறது. ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், ரங்கத் ஆகியவற்றோடு லாங் ஐலண்டும் அந்த ஏழில் ஒன்று. பிள்ளைக்கு நாம் சொல்லித் தருவதற்கு முன்பே வீட்டுக்குள் போன் வந்துவிட்டது என்பதுதான் இன்றைய நிலை.

பள்ளியில் எந்த வகுப்பிலிருந்து தொடங்கும்? 2020 தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில், அதாவது 6ஆம் வகுப்பிலிருந்து, கோடிங் பயிற்சிகள் இருக்க வேண்டும் என்றது. பிறகு 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம், 2026-27 கல்வியாண்டு முதல் 3ஆம் வகுப்பிலிருந்தே கணினிவழிச் சிந்தனையையும் (ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து யோசிப்பது) செயற்கை நுண்ணறிவையும் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. அந்தமான் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதால், இது உங்கள் வீட்டுக்கும் உரிய செய்தி. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதலே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கோடிங் படித்துவருகிறார்கள்.

சரி, கோடிங் என்றால் என்ன? கணினி தானாக யோசித்து எதையும் செய்யாது. என்ன செய்ய வேண்டும், எதற்குப் பின் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அப்படி வரிசையாகக் கட்டளை எழுதுவதே கோடிங்.

கணினியே இல்லாமல் இதைச் சொல்லித்தர முடியுமா? சின்ன வகுப்புகளுக்குத் தாராளமாக முடியும். கணினி இல்லாமலே கணினி அறிவைக் கற்பிக்கும் விளையாட்டுகளை நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1990களிலிருந்து உருவாக்கிவருகிறார்கள். மின்சாரம் நின்றாலும் சிக்னல் போனாலும் பாடம் நிற்காது என்பதால் நம் தீவுக்கு இது மிகவும் பொருந்தும்.

நீங்களே வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். மணலில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்தில் சிப்பி ஒன்றை வையுங்கள். ஒரு பிள்ளை ரோபோவாக மூலையில் நிற்கட்டும். இன்னொரு பிள்ளை, அது சிப்பியிடம் போய்ச் சேர, ‘முன்னே இரண்டு கட்டம், வலப்பக்கம் திரும்பு, முன்னே மூன்று கட்டம்’ என்று தாளில் எழுதித் தரட்டும். ரோபோ எழுதியதை மட்டுமே செய்ய வேண்டும். ‘திரும்பு’ என்பதை எழுத மறந்தால் அது கட்டத்தைத் தாண்டி நேரே போய்விடும். எந்த வரியில் தப்பு என்று தேடி, திருத்தி, மறுபடி ஓடவைக்க வேண்டும். அந்தத் தேடலில்தான் பிள்ளை உண்மையில் கற்கிறது. நீங்கள் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறுமே? பரவாயில்லை. கட்டளையை முதலில் தமிழில் யோசிக்கட்டும், தமிழிலேயே எழுதட்டும். வங்காளமோ தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளை அதன் மொழியில் எழுதட்டும். படிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் சிலவற்றைப் பழகுவது பெரிய வேலையே இல்லை.

கணினி கிடைத்த பிறகு ‘ஸ்க்ராட்ச்’ என்ற மென்பொருளில் தொடங்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007இல் வெளியிட்டது. முக்கியமாக 8 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கானது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், பிள்ளை அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். இதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஸ்க்ராட்ச் ஜூனியர்’ இருக்கிறது. இரண்டும் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் ஸ்க்ராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும்.

அப்படியானால், ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்க்க வேண்டாமா? தொடக்கப் பள்ளி வயதில் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. எட்டு வயதில் ஆப் உருவாக்காத பிள்ளை பின்தங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இனி, இரண்டாவது பாடம். கோடிங் ஒரு வருடம் தள்ளிப்போனால் நஷ்டமில்லை. இந்தப் பாடம் தள்ளிப்போகக் கூடாது. டிஜிட்டல் குடிமைப் பண்பு (இணையத்தில் பொறுப்போடும் பாதுகாப்போடும் பிறரை மதித்தும் நடப்பது) போன் கையில் வரும் நாளிலேயே தொடங்க வேண்டியது.

முதலில் பணம். பெரும்பாலும் பிள்ளை விளையாடுவது உங்கள் போனில். அதில்தான் உங்கள் யு.பி.ஐ.யும் இருக்கிறது. ஓ.டி.பி.யையும் ‘பின்’ (PIN) எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ‘பின்’ எண் தேவைப்படாது, ‘பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்’ என்றால் அது ஏமாற்று. ஆப் வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி போனில் அமைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வதந்தியை எப்படிச் சமாளிப்பது? 2004 டிசம்பர் 26ஐ அந்தமானில் யாரும் மறக்க முடியாது. ‘இன்று இரவு சுனாமி’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற அரசு நிறுவனம்தான் 2007 முதல் நாட்டுக்கே சுனாமி எச்சரிக்கை தருகிறது. அவர்களோ அந்தமான் நிர்வாகமோ சொன்னதா என்று பார்க்காமல் எதையும் பிறருக்கு அனுப்பக் கூடாது என்று பிள்ளை பழக வேண்டும். கூடவே இதையும் சொல்லுங்கள்: நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால், கடல் திடீரென்று உள்வாங்கினால், எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். போனில் வந்ததைச் சரிபார்க்க வேண்டும், கண்ணெதிரே நடப்பதற்கு உடனே அசைய வேண்டும். இந்த வேறுபாடு பிள்ளைக்குப் புரிந்தே ஆக வேண்டும்.

படம் போடலாமா? சீருடையோடு, பள்ளிப் பெயர் தெரிய, பிள்ளையின் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். அடுத்தவர் பிள்ளையின் படம் என்றால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பயன்படுத்த நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே ஒரு ஆப் உங்களிடம் சம்மதம் கேட்டால் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தாதீர்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகவே கணக்குத் தொடங்க வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் விதிகளே இடம் தருவதில்லை.

யாராவது கேலி செய்தாலோ, தெரியாதவர் படம் கேட்டாலோ? பிள்ளை முதலில் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். ‘போனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயம் இருந்தால் வராது. அதனால், சொன்னால் திட்ட மாட்டேன் என்று இன்றே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். வந்த செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அது சாட்சி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இலவசம்.

எனக்கே போன் சரியாகத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லித்தருவது? மேலே சொன்னவற்றுக்குத் தொழில்நுட்ப அறிவு அதிகம் வேண்டாம். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் போனை எடுப்பதில்லை என்ற வழக்கத்தை நீங்கள் முதலில் கடைப்பிடித்தால், பிள்ளையிடம் அதிகம் பேசவே தேவையிருக்காது.

பள்ளியில் இது ஒழுங்காக நடக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அதாவது கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்ததா, கணினி பழுதானால் யார் சரிசெய்வார்கள், இணையப் பாதுகாப்புப் பாடம் எந்த வகுப்பிலிருந்து தொடங்கும் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.