ஒளியைத் திருப்பும் நுண்கண்ணாடிகள்



சிறு முகக்கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளியைச் சுவரில் வீழ்த்தி விளையாடியிருப்பீர்கள். கண்ணாடியைச் சற்றே சாய்த்தால் ஒளிப்பொட்டு சுவரை விட்டு அகன்றுவிடும். வகுப்பறையில் பாடப்படங்களைக் காட்டும் படவீழ்த்திகள் பலவற்றின் உள்ளே நிகழ்வதும் இதுவே. ஆனால், அங்கு அசையும் கண்ணாடிகள் பல இலட்சம்!

அவை அனைத்தும் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சில்லின்மீது அமைந்துள்ளன. குறுக்கே 1024, நெடுக்கே 768 புள்ளிகளாகப் படம் காட்டும் சில்லில், புள்ளிக்கு ஒன்றாக 7,86,432 கண்ணாடிகள் உள்ளன. தொடக்ககாலச் சில்லுகளில் ஒரு கண்ணாடியின் பக்க அளவு 0.016 மில்லிமீட்டர். நம் ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் திருகு அளவியைப் பார்த்திருக்கிறீர்களா? பொதுவாக அதன் மிகச்சிறு பிரிவு 0.01 மில்லிமீட்டர். அத்தகைய இரு பிரிவுகளுக்குள் ஒரு கண்ணாடி அடங்கிவிடும்!

ஒவ்வொரு கண்ணாடியின் கீழும் ஒரு நினைவகச் சிற்றறை உண்டு. அதில் உள்ள எண் 1 அல்லது 0. அதற்கேற்ப மின்கவர்ச்சி கண்ணாடியை ஒருபுறமோ மறுபுறமோ சாய்க்கும். 1 எனில், விளக்கின் ஒளி வில்லை வழியே திரையை அடையும், அப்புள்ளி ஒளிரும். 0 எனில், ஒளி வேறு திசையில் சென்றுவிடும், அப்புள்ளி இருளும்.

அவ்வாறாயின், மங்கலான சாம்பல் நிறம் எங்ஙனம் தோன்றுகிறது? கண்ணாடி ஒரு நொடியில் பல்லாயிரம் முறை சாயவல்லது. பாதி நேரம் ஒளியைத் திரைக்கு அனுப்பி, பாதி நேரம் விலக்கினால், நம் கண் அதனைப் பாதி வெளிச்சமாகவே உணரும். வண்ணத்திற்கு, ஒளியின் வழியில் சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட சக்கரம் சுழலும். அடுத்தடுத்து விழும் அம்மூன்று படங்களையும் கண் ஒன்றாக இணைத்துக்கொள்ளும்.

இச்சில்லை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவன அறிவியலாளர் லாரி ஹார்ன்பெக். அவர் 1977இல் ஆய்வைத் தொடங்கினார். மின்னழுத்தத்திற்கேற்பச் சிறிது சிறிதாக வளையும் கண்ணாடிகளையே முதலில் செய்தார். அவை அனைத்தையும் ஒரே சீராக வளையச் செய்வது கடினமாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1987இல், இடைப்பட்ட நிலைகளைக் கைவிட்டு, இரண்டே நிலைகளில் நிற்கும் கண்ணாடியை அமைத்தார். வெற்றி கிட்டியது! 1996இல் இவ்வகைப் படவீழ்த்திகள் விற்பனைக்கு வந்தன. பின்னர்த் திரையரங்குகளிலும் இடம்பெற்றன. அதற்காக 2015இல் ஹார்ன்பெக் ஆஸ்கர் விருது பெற்றார்.

கடினமான சிக்கலுக்குச் சில வேளைகளில் எளிய வழியே தீர்வாகும் என்பதை இச்சில்லு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
வில்லை – லென்ஸ்
படவீழ்த்தி – புரொஜெக்டர்
சில்லு – சிப்

செயல்பாடு
படவீழ்த்தி இயங்கும் முறையை, ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் ஐந்து தமிழ்த் தொடர்களில் விளக்குக. அவர்கள் கேட்ட வினா ஒன்றை எழுதி வருக.